வாசகர் கேள்வி – பதில்: மார்ட்டின் லூதர் கிங்கும் வியட்நாம் போரும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு விடை எழுதுகையில், மார்ட்டின் லூதர் கிங் தம் வாழ்வின் இறுதி ஆண்டில் சொந்த நாட்டுப் பத்திரிகைகளாலேயே கடுமையாகக் கண்டிக்கப்பட்டார் என்றும், வியட்நாம் போரை அவர் எதிர்த்ததே அதற்குக் காரணம் என்றும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்முறை அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஒரு போதகருக்கு, எங்கோ நடந்த வியட்நாம் போரைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன? எடுத்த காரியத்தை முடிக்காமல் இன்னொன்றில் தலையிட்டது சரிதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

ஐயா, நீங்கள் கேட்டிருப்பதைத்தான் அன்று அமெரிக்காவில் அவருடைய நண்பர்களும் கேட்டார்கள். 1967 ஏப்ரல் 4-ஆம் நாள் மாலை, நியூயார்க் நகரின் ரிவர்சைடு தேவாலயத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் முன்னிலையில் கிங் ஆற்றிய உரையே இந்தக் கேள்வியை முன்வைத்துத்தான் தொடங்குகிறது. ‘போரைப் பற்றி நீங்கள் ஏன் பேசுகிறீர்கள்? அமைதியும் குடிமை உரிமையும் ஒன்றோடொன்று சேராதே, உங்கள் மக்களின் காரியத்துக்கு நீங்களே ஊறு செய்கிறீர்களே’ என்று தம்மிடம் கேட்பவர்களைக் குறித்து அவர் வருந்துகிறார். அப்படிக் கேட்பவர்கள் தம்மையும் தம் அழைப்பையும் உண்மையில் அறிந்துகொள்ளவே இல்லை என்கிறார். பிறகு, தாம் பேச வந்ததற்கான காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்.

முதற்காரணம் பணம். 1964 தொடக்கத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்துச் சில திட்டங்களைத் தொடங்கினார். கறுப்பின ஏழைகளுக்கும் வெள்ளையின ஏழைகளுக்கும் அதில் ஒரு நம்பிக்கை பிறந்தது. வியட்நாமுக்குப் படைகள் குவியத் தொடங்கியதும் அந்தத் திட்டங்களுக்கான பணம் சுருங்கிப்போவதைக் கிங் கண்கூடாகக் கண்டார். 1967 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஆற்றிய உரையில் அவர் ஒரு கணக்கைச் சொன்னார்: வியட்நாமில் எதிரி ஒருவரைக் கொல்ல 3,22,000 டாலர் செலவாவதாக மதிப்பிடுகிறார்கள், உள்நாட்டில் ஏழை என்று வகைப்படுத்தப்பட்ட ஒருவருக்கு வறுமை ஒழிப்புத் திட்டத்தில் செலவாவதோ சுமார் 53 டாலர்தான்.

இரண்டாவது, களத்தில் இறந்தவர்கள் யார் என்பது. போரின் தொடக்க ஆண்டுகளில், மக்கள்தொகையில் பதினொரு விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர் களப்பலியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தார்கள். (பின்னாளில் இந்த விகிதம் குறைந்து, போர் முழுவதற்குமாகக் கணக்கிடும்போது சுமார் பன்னிரண்டு விழுக்காட்டில் நின்றது.) தென்மேற்கு ஜார்ஜியாவிலும் கிழக்கு ஹார்லெமிலும் தாங்கள் காணாத சுதந்திரத்தைத் தென்கிழக்கு ஆசியாவில் நிலைநாட்ட, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் அந்த இளைஞர்கள் அனுப்பப்படுகிறார்கள் என்றார் கிங். ஒரே பள்ளியில் அடுத்தடுத்து உட்கார முடியாத கறுப்பினப் பையனும் வெள்ளையினப் பையனும், ஓர் ஏழைக் கிராமத்தின் குடிசைகளைக் கொளுத்துவதில் மட்டும் தோளோடு தோள் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே என்றும் சொன்னார்.

இவ்விரண்டும் வலுவான வாதங்கள்தாம். ஆனால் இவற்றை ஒரு பொருளாதார அறிஞரோ நாடாளுமன்ற உறுப்பினரோகூடச் சொல்லியிருக்க முடியும். கிங் மட்டுமே சொல்லியிருக்கக்கூடியது மூன்றாவது காரணம். என் மதிப்பில் அதுவே உரை முழுவதற்கும் அச்சாணி.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டு 34 பேர் இறந்தார்கள். கிங் அங்கே நேரில் போனார். அடுத்த ஆண்டு சிகாகோவின் லான்டேல் சேரிப்பகுதியில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கினார். வேலையும் இல்லாமல், காவல்துறையின் அடிக்கும் ஆளாகி, கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்களிடம், துப்பாக்கியாலும் பெட்ரோல் குண்டாலும் உங்கள் சிக்கல் தீராது, அறவழியில் நின்றால்தான் உண்மையான மாற்றம் வரும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். அவர்கள் அவரிடம் திருப்பிக் கேட்டது மிக எளிய கேள்வி: ‘அப்படியானால் வியட்நாம்?’ தன் சிக்கல்களைத் தீர்த்துக்கொள்ள நம் நாடே பெருமளவில் வன்முறையைத்தானே கையாள்கிறது, அரசுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்பதே அதன் பொருள்.

அந்தக் கேள்வி தம்மைத் தைத்துவிட்டது என்று கிங் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். இன்றைய உலகில் வன்முறையை மிக அதிகமாகப் பரப்புவது தம் சொந்த அரசாங்கமே என்று அதனிடம் முதலில் தெளிவாகச் சொல்லாமல், ஒடுக்கப்பட்டவர்களின் வன்முறைக்கு எதிராக இனித் தம்மால் குரலெழுப்ப முடியாது என்று சொன்னார். மறுநாள் முதல் நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கிய வாக்கியம் இதுதான். பலரும் இதை அமெரிக்க எதிர்ப்பு முழக்கமாக மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் வன்முறையைப் பற்றிய பாதியை விட்டுவிட்டால் அப்படித்தான் தோன்றும். கையில் கல்லோடு நிற்கும் பதினெட்டு வயதுப் பையனிடம் கல்லைக் கீழே போடு என்று சொல்லும் உரிமை தமக்கு மிஞ்சவேண்டுமானால், வானிலிருந்து நாப்பாம் என்னும் தீக்குண்டு வீசுபவரிடமும் அதையே சொல்லியாகவேண்டும் என்று ஒரு போதகர் உணர்ந்ததன் விளைவு அது. அகிம்சை என்பது அடிவாங்குபவருக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமையாக இருந்தால், அடிப்பவருக்குத்தான் அது வசதி. கிங் அந்த வசதியைச் செய்துகொடுக்க மறுத்தார்.

ரிவர்சைடு உரை நிகழ்ந்த அதே மாதம் 30-ஆம் நாள் அட்லாண்டாவில், தாமும் தம் தந்தையாரும் போதகர்களாக இருந்த எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் பேசும்போது அவர் இதை இன்னும் நேரடியாகச் சொன்னார். அலபாமாவில் உரிமை கேட்டவர்களைத் தடியால் அடித்த ஷெரிஃப் ஜிம் கிளார்க்கிடம் அகிம்சை காட்டு என்று நான் சொன்னபோது இந்த நாடும் பத்திரிகைகளும் என்னைப் பாராட்டின. வியட்நாமின் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் அகிம்சை காட்டு என்று சொன்னால் சபிக்கின்றன. இதில் ஏதோ விந்தையான முரண் இருக்கிறது என்றார். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்கு அவருடைய குரலில் இருந்த வலி தெரியும்.

எடுத்த காரியத்தை விட்டு வேறொன்றுக்குப் போனாரா என்று கேட்டிருக்கிறீர்கள். 1957-இல் அவரும் தோழர்களும் தென்னகக் கிறித்துவத் தலைமைத்துவ மாநாடு என்ற அமைப்பைத் தொடங்கியபோது அவர்கள் ஏற்ற குறிக்கோள் ‘அமெரிக்காவின் ஆன்மாவை மீட்பது’. கறுப்பினத்தவருக்குச் சில உரிமைகளைப் பெற்றுத் தருவதோடு நிற்பதாக அவர்கள் சொல்லவே இல்லை. எனவே 1967-இல் அவர் பேசியது எடுத்த காரியத்தின் தொடர்ச்சிதான்.

கேள்வி: போர் 1965-லேயே தீவிரமடைந்துவிட்டதே. இரண்டு ஆண்டுகள் அவர் ஏன் காத்திருந்தார்?
– கல்லூரி மாணவி, திருச்சி

முற்றிலும் மௌனமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. 1965 மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படை வியட்நாமின் டா நாங்கில் இறங்கிய சமயத்திலேயே பேச்சுவார்த்தை வேண்டும் என்று சொன்னார். ஆகஸ்டில் குண்டுவீச்சை நிறுத்தக் கோரினார். உடனே கண்டனங்கள் எழுந்தன. ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஆர்தர் கோல்ட்பர்க் அவரை அழைத்துப் பேசினார். செனட்டர் தாமஸ் டாட், வெளியுறவில் தலையிட இவருக்கு என்ன தகுதி என்று சாடினார். இரண்டு முனைகளில் போராட நம்மால் இயலாது என்று நெருங்கியவர்களும் எடுத்துரைத்தார்கள். கிங் குரலைத் தணித்துக்கொண்டார். அக்காலத்தில் அவருக்கு முன்னே நடந்தவர்கள் மாணவர் இயக்கத்தினர். 1966 ஜனவரியில் அவர்கள் போரைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். அதை ஆதரித்த குற்றத்துக்காக, தேர்தலில் வென்றிருந்த இளைஞர் ஜூலியன் பாண்டுக்கு ஜார்ஜியா சட்டமன்றம் இருக்கை தர மறுத்தது. உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. இந்த வரலாற்றில் முதல் பெருமை அந்த இளைஞர்களுக்கே உரியது என்பதைச் சொல்லியாகவேண்டும்.

வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நியட் ஹானுக்கும் இதில் பங்குண்டு. தம் நாட்டுத் துறவிகள் ஏன் தங்களைத் தாங்களே தீக்கிரையாக்கிக்கொண்டார்கள் என்பதை விளக்கி 1965-இல் அவர் கிங்குக்கு ஒரு மடல் எழுதினார். மறு ஆண்டு இருவரும் சிகாகோவில் சந்தித்தார்கள். 1967 ஜனவரியில் கிங் அவருடைய பெயரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். (அந்த ஆண்டு அப்பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை.)

அதே ஜனவரியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை உடன் இருந்த உதவியாளர் பெர்னார்ட் லீ பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். புத்தகம் ஒன்றை எழுதி முடிப்பதற்காகக் கிங் ஜமைக்காவுக்குப் புறப்பட்டிருந்தார். வழியில் விமான நிலைய உணவகத்தில், வாங்கியிருந்த பத்திரிகைகளைச் சாப்பிட்டுக்கொண்டே புரட்டினார். ‘ராம்பார்ட்ஸ்’ என்ற இதழில் வியட்நாம் குழந்தைகளைப் பற்றிய படக்கட்டுரை ஒன்று வந்திருந்தது. வெந்துபோன உடல்களோடு குழந்தைகள், இறந்த மகவை ஏந்திய ஒரு தாய். கிங்கின் கை அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. தட்டைத் தள்ளி வைத்தார். சாப்பாடு நன்றாக இல்லையா என்று லீ கேட்டார். இந்தப் போரை நிறுத்த என்னால் ஆனதையெல்லாம் செய்யும்வரை எனக்கு எதுவுமே ருசிக்காது என்று பதில் வந்தது.

அடுத்த மூன்று மாதங்களில் எல்லாம் விரைவாக நடந்தன. பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் உரை, மார்ச் 25-இல் குழந்தை நல மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கோடு சேர்ந்து சிகாகோவில் பேரணி, பிறகு ரிவர்சைடு. தெருப் பேரணியில் மட்டும் பேசினால் தீவிரவாதக் கூட்டத்தோடு சேர்த்து எழுதிவிடுவார்கள், முதலில் ஒரு தேவாலயத்தில் மற்ற சமயத் தலைவர்களின் நடுவில் தம் காரணங்களைப் பொறுமையாக விளக்கவேண்டும் என்று அவர் கருதினார். ஓயாத பயணத்துக்கிடையே எழுத நேரம் கிடைக்காததால், உரையின் வரைவை அவருடைய நண்பரும் வரலாற்றுப் பேராசிரியருமான வின்சென்ட் ஹார்டிங் எழுதிக்கொடுத்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்தார் என்று இதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. பல ஆண்டுகள் சேர்ந்து பேசிப் பேசி இருவருக்கும் பொதுவாகிவிட்ட எண்ணங்கள் அவை.

கேள்வி: குடிமை உரிமைச் சட்டத்தையும் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தவர் ஜான்சன். அவரை எதிர்த்தது நன்றிகெட்ட செயல் ஆகாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

1964 ஜூலையில் ஒரு சட்டம், 1965 ஆகஸ்டில் மற்றொன்று. இரண்டிலும் ஜான்சன் காட்டிய உறுதி பெரிது. கிங் அதை ஒருபோதும் மறுக்கவில்லை. அதனால்தான் அந்த முறிவு அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டங்கள் ஓர் அதிபர் தம் கைப்பொருளிலிருந்து வழங்கிய கொடை அல்ல. மாண்ட்காமரியிலும் பர்மிங்காமிலும் செல்மாவிலும் எளிய மக்கள் அடிபட்டு, சிறை சென்று, உயிரும் ஈந்து பெற்றவை. அதற்கு விலையாக இன்னொரு நாட்டு ஏழைகள் கொல்லப்படுவதைப் பார்த்தும் வாய்மூடி இருக்கவேண்டும் என்று எந்த நன்றியும் கேட்க முடியாது. ‘நன்றாகும் ஆக்கம் பெரிதெனினும் சான்றோர்க்குக் கொன்றாகும் ஆக்கம் கடை’ என்ற குறளைக் கிங் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்திருந்தால் அந்த ஏப்ரலில் அது அவருக்குத் துணையாக இருந்திருக்கும்.

இதே வாதத்தை அவரிடம் நேருக்கு நேர் வைத்தவர், கறுப்பினத்தவருக்காக உழைத்த தேசிய நகர்ப்புற சங்கத்தின் தலைவர் விட்னி யங். 1967 மார்ச்சில் நியூயார்க்குக்கு அருகே ஒரு வீட்டில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில், இந்த நிலைப்பாட்டால் ஜான்சனின் ஆதரவை இழந்துவிடுவோம் என்று யங் சொன்னார். விட்னி, நீ சொல்வது உனக்கு ஓர் அறக்கட்டளையின் நிதியைப் பெற்றுத் தரலாம், உண்மையின் ராஜ்யத்துக்குள் உன்னைக் கொண்டுசேர்க்காது என்று கிங் சினந்து பதிலளித்தார். நண்பரை அப்படிச் சொன்னதற்காகப் பிறகு தொலைபேசியில் அழைத்து வருத்தமும் தெரிவித்தார். அந்த வருத்தம், சொன்ன விதத்துக்காக மட்டும். நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை.

கேள்வி: ரிவர்சைடு உரைக்குப் பிறகு சொந்த இயக்கத்தவரே அவரைக் கைவிட்டார்களா?
– வாசகி, மதுரை

கைவிட்டார்கள் என்பது சற்று மிகையான சொல். விலகி நின்றார்கள் என்பது பொருந்தும். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம், ஒரு வாரத்துக்குள், குடிமை உரிமை இயக்கத்தையும் போர் எதிர்ப்பு இயக்கத்தையும் இணைக்க முயல்வது பெரும் உத்திப் பிழை என்று தீர்மானம் போட்டது. 1950-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ரால்ஃப் பஞ்ச் அதை ஆதரித்துப் பேசினார். வாஷிங்டன் போஸ்ட், தம் குறிக்கோளுக்கும் நாட்டுக்கும் மக்களுக்கும் தம்மால் ஆகக்கூடிய பயனைக் கிங் குறைத்துக்கொண்டுவிட்டார் என்று எழுதியது. நியூயார்க் டைம்ஸ் ஏப்ரல் 7-ஆம் தேதித் தலையங்கத்துக்கு ‘டாக்டர் கிங்கின் பிழை’ என்றே பெயரிட்டது. லைஃப் இதழ், வட வியட்நாமின் ஹனோய் வானொலிக்கு எழுதிய வசனம்போல் இருக்கிறது என்று தூற்றியது. அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தலைவர் எட்கர் ஹூவருக்கு அவரைக் கம்யூனிஸ்டுகளின் கைப்பாவை என்று சித்திரிக்க இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது.

அவருடைய மிக நெருங்கிய ஆலோசகர் ஸ்டான்லி லெவிசனுக்கே அந்த உரை பிடிக்கவில்லை. அரசியல்ரீதியாக நான் அறிவோடு நடக்காமல் இருந்திருக்கலாம், அறத்தின்படி அறிவோடுதான் நடந்தேன் என்று கிங் அவருக்குச் சொன்ன விடை, எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டதால் வரலாற்றில் பதிவாகிவிட்டது. அவரை வீழ்த்துவதற்காகக் கேட்டவர்களே, அவர் தனிமையிலும் மேடையிலும் ஒன்றையே பேசினார் என்பதற்குச் சாட்சிகளாகிவிட்டார்கள்.

குறையே இல்லாத உரை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கா புதிய ஆயுதங்களை வியட்நாமியர்மேல் சோதித்துப் பார்ப்பதை, வதைமுகாம்களில் ஜெர்மானியர் செய்த மருந்துச் சோதனைகளோடு ஒப்பிட்ட இடம் அளவு மீறியது. பத்து லட்சம் பேரைக் கொன்றிருக்கலாம், பெரும்பாலும் குழந்தைகளை என்று சொன்ன இடத்தில் எண்ணைப் பற்றிய கவனம் போதாது. விமர்சகர்கள் இவற்றைப் பிடித்துக்கொண்டது நியாயமே. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் போர் சரியா தவறா என்ற கேள்விக்கே வரவில்லை. பேசியவருக்கு இதில் என்ன வேலை என்பதோடு நின்றுவிட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம் தருவது.

கேள்வி: வட வியட்நாமின் கொடுமைகளைப் பற்றி அவர் ஏன் பேசவில்லை?
– வாசகர், சேலம்

பேசினார், சுருக்கமாக. வட வியட்நாமையோ, தெற்கில் அரசை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணியையோ நற்பண்பின் உருவங்களாக நான் காட்டவில்லை, அவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று உரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, இன்று நான் பேசுவது என் சக அமெரிக்கரிடம் மட்டுமே என்று எல்லை வகுத்துக்கொண்டார். ஒரு குடிமகன் முதலில் கேள்வி கேட்கவேண்டியது தன் வரிப்பணத்தில், தன் பெயரால் நடக்கும் கொலையைப் பற்றித்தான் என்பது அதன் அடிப்படை. அவர் வைத்த ஐந்து கோரிக்கைகளும் அமெரிக்க அரசை நோக்கியவையே: வடக்கிலும் தெற்கிலும் குண்டுவீச்சை நிறுத்துவது, தானாக முன்வந்து போர்நிறுத்தம் அறிவிப்பது, லாவோஸ், தாய்லாந்து போன்ற இடங்களில் புதிய களங்கள் உருவாகாமல் தடுப்பது, பேச்சுவார்த்தையில் விடுதலை முன்னணிக்கும் இடம் தருவது, 1954 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி அந்நியப் படைகள் வெளியேற ஒரு நாளைக் குறிப்பது.

கேள்வி: ஹிட்லரை எதிர்த்து நடந்த போரும் தவறு என்பதுதான் கிங்கின் கருத்தா? எல்லாப் போரையும் எதிர்த்தாரா?
– சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

இது ஆழமான கேள்வி. அவர் இதில் ஒரே நாளில் முடிவுக்கு வந்தவரும் அல்லர். இறையியல் மாணவராக இருந்தபோது, அமைதிவாதி ஏ.ஜே. மஸ்டியின் சொற்பொழிவைக் கேட்டார். அது அவரை அசைத்ததே தவிர இணங்க வைக்கவில்லை. போர் ஒருபோதும் தன்னளவில் நன்மை ஆகாது. ஆயினும் ஹிட்லரைப் போன்ற ஒரு தீய ஆற்றல் பரவுவதைத் தடுப்பதில் அது எதிர்மறையான ஒரு நன்மையாகப் பயன்படலாம் என்று அப்போது எண்ணினார். மனிதனுக்குள் இருக்கும் பாவத்தைக் குறைத்து மதிப்பிடாதே என்று எச்சரித்த இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபரின் எழுத்துகளும் அவரை வழவழப்பான நம்பிக்கைகளிலிருந்து காத்தன. 1956-இல் மாண்ட்காமரி வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட நாட்களில், அவருடைய வீட்டில் துப்பாக்கி இருந்தது என்பதும் உண்மை.

காந்தியடிகளின் வழியை வாழ்ந்து பார்த்த பிறகும், அணு ஆயுதங்களின் பேரழிவை எண்ணிப் பார்த்த பிறகும், இனி எந்தப் போரும் அந்த எதிர்மறை நன்மையாகக்கூட இருக்க இயலாது என்ற முடிவுக்கு 1960 வாக்கில் வந்துசேர்ந்தார். கோட்பாட்டுப் பிடிவாதம் கொண்ட அமைதிவாதி நான் அல்லன் என்றும் அப்போதே சொல்லிக்கொண்டார். ஆக, இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களை அவர் இகழவில்லை. தம் காலத்து ஆயுதங்களோடு தம் காலத்தில் நடக்கும் போர்களை ஏற்க மறுத்தார்.

இந்த இடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. 1959-இல் கிங்கும் மனைவியார் கொரெட்டாவும் சுமார் ஒரு மாதம் இந்தியாவில் பயணம் செய்தார்கள்; சென்னை வழியாகக் கன்னியாகுமரி வரை வந்தார்கள். நேருவையும் வினோபா பாவேயையும் சந்தித்தார்கள். மார்ச் 9-ஆம் நாள் விடைபெறும்போது, அகில இந்திய வானொலிக்காகப் பதிவு செய்த உரையில் கிங் ஒரு வேண்டுகோள் வைத்தார்: அகிம்சையால் விடுதலை பெற முடியும் என்று உலகுக்குக் காட்டிய இந்தியா, ஆயுதக் குறைப்பிலும் முன்செல்லவேண்டும், வேறு எந்த நாடும் உடன்வராவிட்டால் தனியாகவே ஆயுதங்களைக் கைவிடுவதாக அறிவிக்கவேண்டும் என்றார். மூன்றே ஆண்டுகளில் சீனப் போர் வந்தது. அந்த வேண்டுகோளை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று நீங்கள் சொன்னால் நான் வாதிட மாட்டேன். ரிவர்சைடில் அவர் சொன்னது வியட்நாம் என்ற ஒரு சூழலுக்காகத் திடீரென்று பிறந்த கருத்தன்று என்பதற்கு அது சான்று.

கேள்வி: திருமதி கொரெட்டா கிங்கின் நிலை என்ன?
– இல்லத்தரசி, ஈரோடு

கணவருக்கு முன்பே அவர் அந்தப் பாதையில் இருந்தார். 1962-இல் ஜெனீவாவில் நடந்த ஆயுதக் குறைப்பு மாநாட்டுக்கு அமெரிக்கப் பெண்களின் அமைதிக் குழுவோடு சென்றவர். 1965 நவம்பரில், கிங் குரலைத் தணித்துக்கொண்டிருந்த வேளையில், வாஷிங்டனில் நடந்த போர் எதிர்ப்புப் பேரணியில் மேடையேறிப் பேசியவர். 1967 ஏப்ரல் 15-இல் கிங் நியூயார்க்கில் ஐ.நா. கட்டடத்தின்முன் பெருங்கூட்டத்தில் பேசிய அதே நாள் கொரெட்டா சான் பிரான்சிஸ்கோவில் பேசினார். கிங் இறந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தபோது, அவருடைய சட்டைப்பையில் இருந்த குறிப்புகளிலிருந்து ‘வியட்நாம் பற்றிய பத்துக் கட்டளைகள்’ என்பதை நியூயார்க்கில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டத்தில் வாசித்தார். அவரைத் தலைவரின் மனைவி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் வழக்கம் மாறவேண்டும்.

கேள்வி: அந்த உரையால் போர் நின்றதா? என்ன பயன் கிடைத்தது?
– அரசு ஊழியர், நாகர்கோவில்

நிற்கவில்லை. வியட்நாமில் மடிந்த சுமார் 58,000 அமெரிக்கரில் பெரும்பாலோர் அந்த உரைக்குப் பிறகே மடிந்தார்கள். வியட்நாமியரின் இழப்பு இதைவிடப் பல மடங்கு. படைகள் வெளியேற 1973 ஆயிற்று. 1968 மார்ச் 31-இல் கிங் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் மீண்டும் போரைக் கண்டித்துப் பேசினார். அன்றிரவே ஜான்சன் குண்டுவீச்சைப் பகுதியாக நிறுத்துவதாகவும், மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். இதைக் கிங்கின் வெற்றியாகச் சிலர் சொல்வதுண்டு, அது சரியன்று. களத்தில் நேர்ந்த பின்னடைவும் ஜான்சனின் சொந்தக் கட்சிக்குள் எழுந்த போட்டியுமே உடனடிக் காரணங்கள். நான்கு நாட்களில், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கப் போன மெம்ஃபிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ரிவர்சைடு உரைக்குச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது.

பயனை வேறு இடத்தில் பார்க்கவேண்டும். போரை எதிர்ப்பவர்கள் என்றால் கட்டுப்பாடற்ற மாணவர்கள் அல்லது இடதுசாரிகள் என்றிருந்த எண்ணம், நோபல் பரிசு பெற்ற ஒரு போதகர் பேசியதும் மாறத் தொடங்கியது. போருக்குப் போக மறுக்கும் உரிமையை இளைஞர்கள் கோரவேண்டும் என்றும், போதகர்களுக்குச் சட்டம் தந்திருந்த விலக்கை அவர்களே விட்டுக்கொடுத்து மனசாட்சியின் பேரால் மறுப்பவர்களாகப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்றும் அவர் ரிவர்சைடில் கேட்டிருந்தார். குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1967 ஏப்ரல் 28-ஆம் நாள் படையில் சேர மறுத்துப் பட்டத்தையும் வருமானத்தையும் இழந்தபோது, இரண்டு நாள் கழித்துத் தம் சபை மேடையிலிருந்து கிங் அவரை வாழ்த்தினார். நாடு முழுவதும் அலியைத் துரோகி என்று வசைபாடிக்கொண்டிருந்த வாரம் அது.

தமக்கு அது எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். 1968 பிப்ரவரி 4-ஆம் நாள் ஆற்றிய பிரசங்கத்தில், என் இறுதிச் சடங்கில் நோபல் பரிசைக் குறிப்பிடவேண்டாம், பசித்தவருக்கு உணவளிக்க முயன்றேன் என்றும் போர் பற்றிய கேள்வியில் சரியான பக்கம் நிற்க முயன்றேன் என்றும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 9-இல் நடந்த அடக்க ஆராதனையில் அந்தப் பிரசங்கத்தின் ஒலிப்பதிவையே ஒலிக்கச் செய்தார்கள்.

கேள்வி: போர் பற்றிய அவருடைய பேச்சுகளைக் கேட்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?
– பள்ளி நூலகர், புதுச்சேரி

1967 ஏப்ரல் 30-ஆம் நாள் எபனேசர் சபையில் பேசியதிலிருந்து தொடங்குங்கள். சொந்தச் சபையாரிடம் பேசுவதால் அதில் ஒரு போதகரின் இயல்பான ஏற்ற இறக்கம் இருக்கிறது. அதை 1970-இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதற்கு மறு ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது. அதன்பின் ரிவர்சைடு உரைக்குப் போங்கள். எழுதி வாசித்த உரை ஆதலால் முதலில் சற்று இறுக்கமாகத் தோன்றும். நடுவில் நீண்ட வரலாற்றுப் பகுதி ஒன்று வரும். 1945-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளையே மேற்கோள் காட்டி வியட்நாமியர் விடுதலையை அறிவித்தது, அமெரிக்கா அதை ஏற்காமல் பிரான்சின் பக்கம் சாய்ந்தது, 1954-க்குப் பின் தென் வியட்நாமின் சர்வாதிகாரி டியெமைத் தாங்கிப்பிடித்தது என்று அது போகும். பலர் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள், நீங்கள் தாண்டவேண்டாம். குண்டுக்கு அஞ்சி நிலத்தை விட்டு ஓடும் ஒரு வியட்நாமிய உழவர் அமெரிக்காவை எப்படிப் பார்ப்பார் என்று தம் சபைக்கு அவர் காட்டுவது அந்தப் பக்கங்களில்தான். இறுதியில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் ‘நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது’ என்ற வசனத்தை அவர் எடுத்தாள்வார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாஷிங்டனில் அந்தப் புகழ்பெற்ற கனவு உரையில் சொன்னதும் இதே வசனம்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க முடிந்தால் உங்கள் மாணவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்.